துயிலெடையும் கனவும் பல்லிய இசையும்: சாயர்புரத்திலிருந்து விரியும் இரு நூல்வழிகள்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பியப் பல்லிய இசையில் உறக்கமும் கனவும் 19ஆம் நூற்றாண்டு முதல் நிலைபெற்ற பாடுபொருள்கள். தமிழிலோ உறக்கத்தை ஒட்டிய இசை, உறங்க வைத்தல், உறக்கத்திலிருந்து எழுப்புதல் என்னும் இரு செயல்களாக வளர்ந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஆகிய இருவரும் ஒவ்வொரு நூலை மொழி கடத்தினர். கிருஷ்ணபிள்ளை ஓர் ஆங்கிலக் கனவு நூலைத் தமிழ்க் காப்பியமாக்கினார். போப், துயிலெடைப் பாடல்களை உள்ளடக்கிய திருவாசகத்தை ஆங்கிலமாக்கினார். அவர்கள் கையாண்ட இரு மூலநூல்களும் 20, 21ஆம் நூற்றாண்டுகளில் பல்லிய இசையாயின. அவ்வாறு ஆனபோது உறக்கமும் கனவும் என்னவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இளையராஜாவின் திருவாசக இசைப்படைப்பில் துயிலெடைப் பதிகங்கள் இடம்பெறாமையின் பொருளையும் அது விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: சாயர்புரம், துயிலெடை நிலை, திருப்பள்ளியெழுச்சி, திருவெம்பாவை, இரட்சணிய யாத்திரிகம், ஆரடோரியோ, இளையராஜா, எல்கர், வாகன் வில்லியம்ஸ்

1. முன்னுரை

உறக்கம் ஒலியற்றது. அதனை ஒலியால் காட்ட முற்படும்போது இசையமைப்பாளர் ஒரு முரணை எதிர்கொள்கிறார். ஐரோப்பியப் பல்லிய இசை இம்முரணைப் பல உத்திகளால் கடந்தது. தந்திக் கருவிகளின் ஒலியை அடக்கும் கட்டையைப் பொருத்தி வாசித்தல், தொட்டில் அசைவைப் போன்ற தாளநடை, மெல்ல நகரும் சுர அடுக்குகள் ஆகியன அவற்றுட் சில. மெண்டல்சோன் தம் 17ஆம் வயதில், 1826இல், ஷேக்ஸ்பியரின் நள்ளிரவுக் கனவு நாடகத்துக்கு எழுதிய முன்னிசை, மரக்குழல் கருவிகளின் நான்கு சுர அடுக்குகளில் தொடங்கி அதே நான்கில் முடிகிறது. கனவுக்குள் நுழையவும் வெளியேறவும் ஒரே வாயில் என்பது அதன் குறிப்பு. 1830இல் பெர்லியோஸ் இயற்றிய அற்புதச் சிம்பொனி, அபினி உண்ட கலைஞன் ஒருவனின் கனவாகவே தன்னை அறிவித்துக்கொண்டது. அண்மையில், 2015இல், மேக்ஸ் ரிக்டர் உறக்கம் என்னும் பெயரிலேயே எட்டு மணி நேரத்துக்கும் மேலாக நீளும் படைப்பை வெளியிட்டார். கேட்போர் படுக்கையில் உறங்கியபடியே கேட்பதற்காக அது அமைக்கப்பட்டது.

இப்படைப்புகள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. உறங்குபவன் தனியன், அவன் அகத்தினுள் நிகழ்வதையே இசை நமக்குக் கேட்கச் செய்கிறது. தமிழ் மரபில் உறக்கம் இசையோடு கொண்ட உறவு இதனின் வேறானது. அவ்வேறுபாட்டை வெறும் ஒப்பீடாகக் கூறுவதினும், இரு மரபுகளும் நூல்வழியாகச் சந்தித்த ஓரிடத்தைப் பற்றிக் காண்பது பயன் தரும். அத்தகைய ஓரிடம் சாயர்புரம். அங்கே பல்லிய இசைப்படைப்பு எதுவும் இயற்றப்பட்டது என்பது இக்கட்டுரையின் கூற்று அன்று. பின்னர்ப் பல்லிய இசையாக மலர்ந்த இரு நூல்கள், அவ்வூரோடு தொடர்புடைய இருவர் கைகளில் எதிரெதிர்த் திசைகளில் மொழி மாறின என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் செய்தி.

2. தமிழ் மரபில் துயிலும் துயிலெடையும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் பாடாண் திணையின் துறைகளுள் கண்படை நிலையையும் துயிலெடை நிலையையும் குறிப்பிடுகிறது. முன்னது அரசன் உறங்குதலைக் கருதியது. பின்னது உறங்கும் அரசனைச் சூதர் புகழ்பாடி எழுப்புதல். இரண்டும் பாடாண் திணையில் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. உறக்கம் இங்கே அகத்திணைப் பொருளாக அன்றி, ஒருவர் மற்றொருவரை நோக்கிப் பாடும் புறத்திணைப் பொருளாக வகுக்கப்பட்டது. பாடுவோர் விழித்திருப்பர், பாடப்படுவோர் உறங்குவர். இவ்விருவர்க்கும் இடைப்பட்ட தொலைவே பாட்டின் களம்.

பக்தி இயக்கம் இவ்விரு துறைகளையும் இறைவன்பால் திருப்பியது. பெரியாழ்வார் கண்ணனுக்கும், குலசேகராழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பாடினர். தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கும், மாணிக்கவாசகர் சிவபெருமானுக்கும் பள்ளியெழுச்சி பாடினர். பின்னர்ப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் தாலப்பருவத்தை மூன்றாம் பருவமாக நிலைநிறுத்தியது. இப்பகுதியில் அம்மரபு மிகச் செழித்தது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் சாயர்புரத்துக்கு மேற்கே உள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் இக்கடற்கரைக் கோயிலைப் பாடியது.

தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதிகளுள் திருப்புளிங்குடியிலும் திருக்கோளூரிலும் திருமால் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறார். திருப்புளிங்குடிப் பெருமானை நோக்கி நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஒன்பதாம் பத்தில் எழுப்பும் வினா, இன்னும் எத்தனை காலம் இவ்வாறு கிடப்பது என்ற பொருளது. துயிலெடை நிலை இங்கே புகழ்ச்சியோடு உரிமைக் குரலும் ஆகிறது.

இசை இலக்கணமும் இப்பிரிவைப் பேணியது. கருநாடக இசை வழக்கில் நீலாம்பரி தாலாட்டுக்கும், ஐந்து சுரங்களால் ஆன பூபாளம் வைகறைக்கும் உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. தேவாரப் பண்களுள் மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியோடு பொருத்திக் காட்டும் வழக்கமும் உண்டு. உறக்கத்தின் உள்ளே நிகழும் கனவுக்கு இவ்வாறு தனிப் பண் வகுக்கப்படவில்லை. கனவு தமிழில் பெரிதும் எடுத்துரைக்கப்படும் பொருளாகவே நின்றது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தேவந்தியிடம் தன் கனவை உரைக்கிறாள். கோவலனும் பாண்டிமாதேவியும் தத்தம் கனவுகளைப் பிறரிடம் கூறுகின்றனர். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் மணக்கனவைத் தோழியிடம் மொழிகிறாள். திருக்குறளின் 122ஆம் அதிகாரத்தின் பெயரே கனவுநிலையுரைத்தல் என்பது. எனவே கனவும் கேட்பவர் ஒருவரை வேண்டி நிற்பது.

3. பாட்டினுள் அமைந்த பல்லியம்

துயிலெடைப் பாடல்களில் மற்றொரு கூறும் உள்ளது. அவை தம் காலத்து இசைக்கருவிகளைத் தொகுத்துக் காட்டுகின்றன. தொண்டரடிப்பொடியாழ்வாரின் பதிகம் யாழ், குழல், முழவு முதலான கருவிகளை அடுக்குகிறது. மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சியில் நான்காம் பாடல் கோயில் முற்றத்தையே ஓர் இசையரங்காக வரைகிறது. ஒரு பக்கம் வீணையும் யாழும் இசைப்போர். ஒரு பக்கம் வேதமும் தோத்திரமும் ஓதுவோர். வேறொரு பக்கம் மலர் ஏந்தியோர். இன்னொரு பக்கம் தொழுவோரும் அழுவோரும் துவள்வோரும். இவர்கள் ஒரே குரலில் பாடவில்லை. தத்தம் இடத்தில் தத்தம் ஒலியை எழுப்புகின்றனர். ஒலிகளின் தொகுதியே எழுச்சியை வேண்டுகிறது.

திருவெம்பாவையின் எட்டாம் பாடலிலும் சேவலின் குரல், பறவைகளின் ஒலி, இசைக்கருவியின் ஒலி, வெண்சங்கின் ஒலி என விடியல் அடுக்கடுக்காகக் கேட்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் தூத்துக்குடிக் கடற்கரையின் தொன்மையான தொழில்கள். கோயில்களின் வைகறையில் ஒலிக்கும் சங்கு இக்கடல் தரும் பொருள் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

சைவ மரபு இப்பதிகங்களுக்குத் தத்துவப் பொருளும் கண்டது. திருவெம்பாவைக்குச் சத்தியை வியந்தது என்றும், திருப்பள்ளியெழுச்சிக்குத் திரோதான சுத்தி என்றும் பதிகக் கருத்து உரைக்கப்படுகிறது. எழுப்பப்படுபவர் பெயரளவில் இறைவனாயினும், மறைப்பு நீங்கி விழிக்க வேண்டியது உயிரே என்பது அதன் உட்கோள். சைவ சித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளை வகுத்து, உயிர் மலத்தால் மறைப்புண்ட நிலையை அவற்றின் வழி விளக்குகிறது. ஆதலின் துயில் தமிழ்ச் சைவத்தில் ஓர் இனிய புகலிடம் அன்று. கடக்கப்பட வேண்டிய நிலை. தாய்லாந்து அரசவைச் சடங்கில் திருவெம்பாவை நெடுங்காலம் ஓதப்பட்டு வந்தது, இப்பதிகங்கள் கடல் கடந்தும் பெற்ற மதிப்புக்குச் சான்று.

4. சாயர்புரத்தில் இருவர்

சாயர்புரம் தூத்துக்குடிக்குத் தென்மேற்கே பனை சூழ்ந்த நிலப்பகுதியில் அமைந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறித்தவர்களின் குடியிருப்புக்காக நிலம் வாங்கித் தந்த சாமுவேல் சாயர் என்பவரின் பெயரால் அது வழங்கலாயிற்று. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820 ஏப்ரல் 24 அன்று பிறந்த ஜார்ஜ் உக்லோ போப், 1839இல் சென்னைக்கு வந்து, 1842இல் சாயர்புரத்தில் தம் பணியைத் தொடங்கினார். அவர் அங்கே உருவாக்கிய செமினரி, உள்நாட்டு உபதேசியரையும் ஆசிரியரையும் பயிற்றுவிக்கும் கல்விக்கூடமாக வளர்ந்தது. கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஆசிரியராக அவர் நினைக்கப்படுகிறார். 1849இல் அவர் அவ்வூரை விட்டு நீங்கினார். தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் ஆகிய ஊர்களில் பின்னர்ப் பணியாற்றினார்.

போப் நீங்கிய சில ஆண்டுகளில், 1853இல், அதே செமினரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், கம்பராமாயணத்திலும் ஆழ்வார் பாடல்களிலும் தோய்ந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இவ்விருவரும் ஒரே காலத்தில் சாயர்புரத்தில் இருந்தவர் அல்லர். எனினும் ஒரு கல்விக்கூடத்தின் நிலைமை இருவர்க்கும் பொதுவாயிற்று: பாடத்திட்டம் மேலை இறையியலைச் சார்ந்தது, மொழிக்கல்வி தமிழ் மரபிலக்கியத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டபோது, ஒன்றை மற்றொன்றின் சொல்லால் கூறும் தேவை நாள்தோறும் எழுந்திருக்கும்.

அக்காலத்து மறைப்பணியாளர் எழுத்துகளில் விழிப்பு, எழுப்புதல் ஆகியன மிகுதியாக வழங்கிய உருவகங்கள். இந்தியச் சமூகம் உறங்குகிறது, அதனை எழுப்ப வேண்டும் என்பது அவ்வுருவகத்தின் உட்கிடை. இளைஞராகச் சாயர்புரம் வந்த போப்பும் அத்தகைய சூழலிலிருந்தே வந்தார். முதுமையில் அவர் மொழிபெயர்க்கத் தேர்ந்த நூலோ, எழுப்பும் உரிமை தமிழர்க்கே நெடுங்காலம் முன்பிருந்து உரியதாக இருந்தது என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டும் நூல்.

5. கனவு நூலின் வழி

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூல், கனவு என்னும் சட்டகத்துக்குள் அமைந்தது. உலகமாகிய காட்டில் நடந்து களைத்த ஒருவன் ஒரு குகையில் படுத்துறங்கிக் கனவு காண்கிறான். நூல் முழுவதும் அக்கனவே. அக்குகை பனியன் அடைபட்டிருந்த சிறையைக் குறிக்கும். இந்நூலைத் தழுவி கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும், மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களும் உடையது அக்காப்பியம்.

தமிழில் இந்நூலின் நடையைத் தீர்மானிப்பது கனவுச் சட்டகம் அன்று, காப்பியச் சட்டகமே. பருவமும் படலமும், வருணனையும் விருத்தமும் கம்பனின் வழியில் அமைகின்றன. இவற்றினிடையே தேவாரம் என்னும் பெயரிலேயே இசைப்பாக்களை ஆசிரியர் வைத்தார். ஆங்கில நூலில் தனியன் ஒருவனின் கனவாக நிகழ்ந்த பயணம், தமிழில் பாடுதற்கும் கூடி ஓதுதற்கும் உரிய வடிவம் பெற்றது. கிருஷ்ணபிள்ளை தாம் இயற்றிய வேறொரு நூலுக்குப் போற்றித் திருவகவல் எனப் பெயரிட்டார். அது திருவாசகத்தின் நான்காம் பகுதியின் பெயர். மாணிக்கவாசகரின் குரல் அவர் செவியில் இருந்தது என்பதற்கு இப்பெயரே போதிய சான்று.

அதே ஆங்கில மூலம் இங்கிலாந்தில் பல்லிய இசையாக மாறுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ் 1906இல் அந்நூலின் மேடை வடிவம் ஒன்றுக்கு இசை அமைத்தார். 1922இல் அதன் ஒரு பகுதியைக் குறுநாடகமாக்கினார். பின்னர் வானொலி வடிவத்துக்கும் இசை எழுதினார். முழு இசைநாடகம் நிறைவு பெறுமோ என்ற ஐயத்தில் இருந்த காலத்தில், அதற்கென வைத்திருந்த இசைக்கருக்கள் சிலவற்றைத் தம் ஐந்தாம் சிம்பொனியில் பயன்படுத்தினார். அது 1943 ஜூன் 24 அன்று, போர்க்கால இலண்டனில், அவருடைய நடத்துகையிலேயே அரங்கேறியது. சொற்கள் இன்றியே பனியனின் கனவு அதில் ஒலித்தது. இசைநாடகம் 1951 ஏப்ரல் 26 அன்று கோவென்ட் கார்டன் அரங்கில் மேடையேறியது.

அவ்விசைநாடகத்தின் முகப்புக்காட்சி கவனத்துக்குரியது. பனியன் சிறையில் அமர்ந்து தம் நூலின் இறுதி வரிகளை எழுதுகிறார். நூலின் முடிவில் கனவு கண்டவன் விழிக்கிறான்; ஆகவே மேடையில் கதை தொடங்கும் முன்பே விழிப்பு நிகழ்ந்துவிடுகிறது. உறங்குபவனின் இடத்தில் விழித்திருக்கும் எழுத்தாளன் அமர்த்தப்படுகிறான். முடிவில் அவனே மீண்டும் தோன்றித் தன் நூலை அவையோர்க்கு நீட்டுகிறான். கிருஷ்ணபிள்ளையும் வாகன் வில்லியம்ஸும் ஒருவரையொருவர் அறியார். இருவரும் வேறுவேறு காரணங்களால் கனவினும் பயணத்துக்கே முதன்மை தந்தனர். கனவு, எடுத்துரைக்கப்படும்போதே பிறர்க்குரியதாகிறது என்னும் தமிழ் வழக்கத்துக்கு இம்முடிவு மிக அணுக்கமானது.

6. துயிலெடை நூலின் வழி: 1900

போப் 1880களில் இங்கிலாந்து திரும்பி, 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழ், தெலுங்கு ஆசிரியராகப் பணியாற்றினார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் மொழிபெயர்ப்பு 1893இலும் வெளிவந்தன. திருவாசகப் பணியின் அளவைக் கண்டு முதுமையில் அதனை முடிக்க இயலுமோ எனத் தயங்கியபோது, பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவட், பெரும்பணி ஒன்றைக் கையில் கொண்டிருப்பதே நெடிது வாழும் வழி என்ற கருத்தைக் கூறித் தம்மை ஊக்கியதாகப் போப் முன்னுரையில் பதிவு செய்தார். அம்முன்னுரையில் அவர் இட்ட நாள் 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாம் பிறந்தநாள். தம் முதல் தமிழ்ப்பாடம் 1837இல் நிகழ்ந்ததையும் அங்கே குறிப்பிட்டார். தமிழ் மூலம், ஆங்கில ஆக்கம், மாணிக்கவாசகர் வரலாறு, சைவ சித்தாந்த விளக்கம் ஆகியவற்றோடு உமாபதி சிவத்தின் திருவருட்பயனையும் அந்நூலில் சேர்த்தார். இருள்மல நிலை என ஓர் அதிகாரமே கொண்ட அந்நூலைத் திருவாசகத்தோடு வைத்தமையால், பள்ளியெழுச்சியை வெறும் வைகறை வருணனையாகக் கொள்ளாது படிப்பதற்குரிய கருவி ஆங்கில வாசகர்க்குக் கிடைத்தது.

அதே 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணபிள்ளை மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, பர்மிங்காம் நகர மன்றத்தில் எட்வர்டு எல்கரின் ஜெரோன்டியசின் கனவு அரங்கேறியது. கர்தினால் நியூமன் 1865இல் எழுதிய கவிதையை அடிப்படையாகக் கொண்டது அது. பயிற்சிக் குறைவால் முதல் அரங்கேற்றம் சிறக்கவில்லை; ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் அடுத்து நிகழ்ந்த அரங்கேற்றங்களே அதன் புகழுக்கு வழிவகுத்தன. எல்கரின் நண்பர் யேகர் அதன் இசைக்கருக்களை வகைப்படுத்தியபோது, முன்னிசையில் வரும் ஒன்றுக்கு உறக்கம் என்றே பெயரிட்டார். முதற்பகுதியில் முதியவர் இறக்கிறார். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் அவ்வுயிர் உறங்கி எழுந்ததாக உணர்ந்து, முன்னர் அறியாத இலேசான நிலையை வியக்கிறது. தந்திக் கருவிகளின் அடங்கிய ஒலி அந்நிலையைக் காட்டுகிறது. இங்கே உறக்கம் இறப்பின் மறுபெயர்; விழிப்பு மறுமை.

ஓராண்டில் நிகழ்ந்த இவ்விரு வெளியீடுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் அருகருகே வைத்து நோக்கும்போது இரு மரபுகளின் வேறுபாடு தெளிகிறது. ஜெரோன்டியஸின் உயிர் தானே விழிக்கிறது; பிறகே தேவதூதரின் குரலைக் கேட்கிறது. திருவெம்பாவையின் பெண் தானாக விழிப்பதில்லை. தோழியர் வாயிலில் நின்று, கேலியும் கடிதலும் கனிவும் கலந்து அழைக்கின்றனர். உள்ளிருப்பவள் மறுமொழி கூறுகிறாள். ஒன்றில் விழிப்பு அனுபவம். மற்றொன்றில் விழிப்பு உறவு.

7. திருவாசகம் பல்லிய இசையாதல்: 2005

இளையராஜாவின் திருவாசகம் 2005இல் வெளிவந்தது. தமிழ் மையம் என்னும் அமைப்பின் முயற்சியில், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் பங்கேற்போடு அது பதிவு செய்யப்பட்டது. லாஸ்லோ கோவாக்ஸ் இசைக்குழுவை நடத்தினார். ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். மக்கள் வழக்கில் அது சிம்பொனி எனப்பட்டாலும், தனிக்குரல், சேர்ந்திசை, பல்லியம் மூன்றும் இணைந்து, மேடை நடிப்பின்றிச் சமயப் பொருளைப் பாடும் அதன் வடிவம் ஆரடோரியோ என்னும் வகையைச் சார்ந்தது. ஹேண்டலின் மெசியா, எல்கரின் ஜெரோன்டியஸ் முதலியன வரும் வரிசை அது. இளையராஜாவின் வேலியண்ட் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது 2025 மார்ச் 8 அன்று. இரண்டனையும் வேறுபடுத்திக் காண்பது வகைமை ஆய்வுக்கு இன்றியமையாதது.

இப்படைப்பின் ஆறு பகுதிகளும் திருவாசகத்தின் திருக்கோத்தும்பி, சிவபுராணம், பிடித்த பத்து, யாத்திரைப் பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. சிவபுராணப் பகுதி ஏறத்தாழ 20 நிமிடம் நீளும். அதில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர் நின்று உரையாடுகின்றன. போப் ஒரே நூலில் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அச்சிட்டுக் காட்டிய அமைப்பு, இங்கே செவிக்குரிய அமைப்பாக மாறியது எனலாம்.

51 பகுதிகள் கொண்ட திருவாசகத்தில் மக்கள் நாவில் மிகுதியாகப் பயில்வன திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும். மார்கழி வைகறையில் முப்பது பாடல்களும் கோயில்தோறும் ஒலிக்கின்றன. மேலும், பல்லியத்தைத் தன்னுள்ளேயே கொண்ட பாடல் என மேலே சுட்டிய பாடல் அவற்றில்தான் உள்ளது. எனினும் பல்லிய இசைக்கென எடுக்கப்பட்ட ஆறனுள் இவ்விரண்டும் இல்லை. இது குறைபாடு அன்று. பொருளுடைய தேர்வு என்பது இக்கட்டுரையின் கருத்து. அதற்கு இரு காரணங்களைப் படைப்பின் இயல்பிலிருந்து ஊகிக்கலாம்.

முதலாவது, துயிலெடைப் பாடலுக்கு வேளை உண்டு. மார்கழி, வைகறை, கோயில் வாயில் ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். ஒலிப்பதிவாக எவ்வேளையிலும் கேட்கப்படும் படைப்பில் அவ்வேளை கரைந்துவிடும். எழுப்பும் பாட்டை விழித்திருப்பவர்க்கு மாலை அரங்கில் பாடும்போது, அது ஓர் எழுப்புதலைப் பற்றிய பாட்டாகிவிடுகிறது, எழுப்புதலாக நிற்பதில்லை.

இரண்டாவது, ஆரடோரியோ ஓர் உயிரின் அகப்போக்கை எடுத்துரைக்கும் வடிவம். தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுள் அச்சமும் வினையை உணர்தலும், இறைவனைப் பற்றிக்கொள்ளுதலும், புறப்பாடும் அத்தகைய போக்குக்கு இயைந்தவை. யாத்திரைப் பத்து இவற்றுள் சிறப்பாக நோக்கத்தக்கது. பொய்யை விடுத்துப் புறப்படும் காலம் வந்தது என அடியார் ஒருவரையொருவர் அழைக்கும் பதிகம் அது. எழுக என்னும் அழைப்பு அங்கே செல்க என்னும் அழைப்பாகிறது. துயிலெடையின் அடிப்படை இயல்பாகிய, கூட்டமாய் நின்று பிறரை விளித்தல் என்பது அவ்வழியே படைப்பினுள் காக்கப்பட்டது. சேர்ந்திசைக் குரல்கள் அதற்கு இயல்பான ஊடகமாயின.

8. ஒப்பீடு

இவ்விடத்தில் இரு நூல்வழிகளும் ஒரு சொல்லில் சந்திக்கின்றன. சாயர்புரத்து ஆசிரியர் தம் காப்பியத்துக்கு இட்ட பெயர் யாத்திரிகம். புடாபெஸ்ட் இசைக்குழு இசைத்த பதிகங்களுள் ஒன்று யாத்திரைப் பத்து. கனவு நூல் தமிழுக்கு வந்தபோது கனவு பின்னிற்கப் பயணம் முன்னின்றது. துயிலெடை நூல் பல்லியத்துக்குச் சென்றபோது துயில் பின்னிற்க மீண்டும் பயணமே முன்னின்றது. இரண்டும் தற்செயல் எனத் தள்ளத்தக்கன அல்ல. மொழி மாற்றத்திலும் ஊடக மாற்றத்திலும் முதலில் உதிர்வது வேளையோடும் இடத்தோடும் பிணைந்த கூறு, எஞ்சுவது நகர்ச்சி.

இதனால் இழப்பும் உண்டு. ஐரோப்பியப் பல்லிய இசை உறக்கத்தைத் தனிமனித அகமாக ஆக்கி அதன் நுண்மைகளை ஒலியாக்கக் கற்றது. தமிழ் மரபு உறக்கத்தை இருவர்க்கு இடைப்பட்டதாக வைத்துக் காத்தது. பின்னதன் நுண்மை இன்னும் பல்லிய இசையில் முழுமையாக முயலப்படவில்லை. திருப்பள்ளியெழுச்சியின் நான்காம் பாடல் காட்டும் முற்றம், வெவ்வேறு பக்கங்களில் நிற்கும் குழுக்களின் வெவ்வேறு ஒலிகளை ஒருங்கே கேட்பது. பண்ணிசையின் ஒற்றை இசைக்கோட்டைச் சுர அடுக்குகளால் சூழ்வது எளிய வழி. ஓதுவோரும் இசைப்போரும் அழுவோரும் தத்தம் இயல்பு கெடாது ஒரே வேளையில் ஒலிக்கும் அமைப்போ வேறொரு கலைச் சிக்கலை முன்வைக்கிறது. அதற்கான வரைவு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழில் சொல்வடிவில் உள்ளது.

9. முடிவுரை

சாயர்புரத்தின் பெயர் பெரும்பாலும் கல்வி வரலாற்றிலும் திருச்சபை வரலாற்றிலுமே பேசப்படுகிறது. 1962இல் அங்கு நிறுவப்பட்ட போப் கல்லூரி அந்நினைவின் தொடர்ச்சி. இசை வரலாற்றிலும் அவ்வூருக்கு மறைமுகமான இடம் உண்டு என்பது மேற்கண்டவற்றால் புலனாகும். பனியனின் கனவைத் தமிழ்க் காப்பியமாக்கியவரும், மாணிக்கவாசகரின் குரலை ஆங்கிலத்தில் கேட்பித்தவரும் அவ்வூரின் செமினரியோடு தொடர்புடையவர்கள். அம்மூலங்கள் இலண்டனிலும் புடாபெஸ்டிலும் பல்லியம் கண்டன.

கண்படை நிலையும் துயிலெடை நிலையும் தொல்காப்பியர் காலம் முதல் இசையோடு பிணைந்த துறைகள். அவற்றைப் பல்லிய இசை கையாளும்போது, உறங்குபவரின் அகத்தை மட்டும் இசைப்பதா, எழுப்புபவரின் குரலையும் இசைப்பதா என்னும் வினா எழும். திருவாசக ஆரடோரியோ எழுப்புவோரின் கூட்டுக் குரலை யாத்திரைப் பத்தின் வழி ஏற்றுக்கொண்டு, வைகறையைக் கோயிலுக்கே விட்டுவைத்தது. பள்ளியெழுச்சிப் பதிகங்கள் பல்லிய வடிவம் பெறும் நாளில், இசையமைப்பாளர் முதலில் தீர்க்க வேண்டியது எவ்வேளையில், எவரை எழுப்புவதற்காக அது ஒலிக்கும் என்பதே.